பால் விலை ஏறிய வாரம்

"அந்தச் செவலைக்கு ஒரு காம்புல பால் வராது. அடைச்சுப் போச்சு."

பால்காரர் இப்படிச் சொன்னதும், காபித் தட்டோடு பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று விடியற்காலையில்தான் அதே செவலையை நாலு காம்பிலும் கறந்து வாளியை நிரப்பியிருந்தாள்.

மாடு வாங்க வந்திருந்தவர்கள் அந்நியர்கள் இல்லை. அவளுடைய தங்கையும் தங்கை புருஷனும்தான். அவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். பிரஸ்காரர் என்ற பெயரும், கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணமும்தான் மிச்சம். அந்தப் பணத்தில் நாலு மாடு வாங்கிக் கட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பி வந்திருந்தார்.

நல்ல சமயமாகத்தான் வந்திருந்தார். அந்த வாரம் பால் விலை எகிறிக் கிடந்தது. போன வருஷம் பாலைத் திருப்பி அனுப்பிய கம்பெனிக்காரர்களே இப்போது வாசலுக்கு வண்டி அனுப்பிக் கேட்டார்கள். இந்தச் சூட்டோடு மாடுகளை விற்றால் தீவனக் கடைக் கடனும் பேங்க் கடனும் ஒழியும். அதற்காகவே அவள் காலையிலிருந்து மாடுகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொட்டகையைக் கழுவி விட்டிருந்தாள்.

இந்த மனிதரோ ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டே போனார். கருப்பிக்குச் சினை நிற்காதாம். மயிலைப் பசு உதைக்குமாம், கறக்க உட்கார்ந்தால் வாளி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாம். கன்றுக்குட்டியைக்கூட அவர் விடவில்லை. அது பிறவியிலேயே மந்தமாம்.

பிரஸ்காரர் முகம் சுருங்கிவிட்டது. பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பப் போனார்.

கேட் அருகே தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க நாலு காசு பார்க்கிறது மாமாவுக்குப் பிடிக்கலையாக்கா?"

"அவர் புத்தி எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது" என்றாள் அக்கா.

அவர்கள் போனதுதான் தாமதம், அவள் கொட்டகைக்கு வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள். விற்க மனசில்லை என்றால் முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம், இப்படிக் கூடப்பிறந்தவள் எதிரில் தன் முகத்தில் கரி பூசியிருக்க வேண்டாம் என்று பொரிந்து தள்ளினாள். அவர் பால் கேன்களைக் கழுவிக் கவிழ்த்து முடித்தார்.

"இந்த விலை எத்தனை நாளைக்கு நிக்கும்?" என்றார் கடைசியில்.

அதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? பால் விலை ஏறினால் தீவன விலையும் கூடவே ஏறும். பால் விலை இறங்கும்போது தீவனம் மட்டும் ஏறின இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

"நம்மள மூழ்கடிச்சதைக் கொண்டுபோய் உன் தங்கச்சி தலையில கட்டச் சொல்றியா?"

"அதை அவங்ககிட்டயே நேராச் சொல்லியிருக்கலாமே. எதுக்கு மாட்டைக் குறை சொல்லணும்?"

"நேரா என்னன்னு சொல்ல? உங்க அக்கா வீடு வருஷக்கணக்கா கடன்லதான் ஓடுதுன்னா? அப்புறம் நீ அவ முன்னாடி எப்படித் தலை நிமிர்ந்து நிப்பே? மாட்டு மேல பழியைப் போட்டா, மாடு ஒண்ணும் மனசுல வெச்சுக்காது."

அவளுக்கு, கேட் அருகே சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தங்கைக்கு போன் போடலாம் என்று எடுத்தாள். ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளக்கப் போனால், மற்றதையும் சொல்லியாக வேண்டும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த 'நாளை' வரவே இல்லை.

விலை விழுந்தது. கம்பெனி வண்டிகள் நின்றுபோயின. கடன்காரர்களுக்குப் பயந்து பால்காரர் ஒவ்வொரு மாடாகக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார். அந்த நேரத்தில்தான் அவர்கள் காதுக்குச் சேதி வந்தது. கையில் இருந்தது போதாதென்று வீட்டையும் அடமானம் வைத்து, பிரஸ்காரர் ஒரு தரகரிடம் மாடு வாங்கியிருக்கிறார். இப்போது வட்டி கட்ட வழியில்லாமல் நிற்கிறார்.

அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பிரஸ்காரர் வேறு வேலை தேடி வெளியே போயிருந்தார். தங்கை கொட்டகையில் தனியாக, விலை போகாத பாலைக் கன்றுக்குட்டிகளின் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கறந்து கறந்து விரல்களெல்லாம் வீங்கியிருந்தன.

"அன்னைக்கு மாமா அவ்வளவு தூரம் தட்டிக் கழிச்சும் ஏண்டி இதுல இறங்கினீங்க?"

தங்கை முகத்தில் கோபம் இல்லை. "மாமாவுக்குப் பொறாமைன்னு இவர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பலை. மாமா அப்படிப்பட்ட ஆளில்லை, ஏதோ விஷயம் இருக்கும், நமக்கு மாடே வேண்டாம்னு கூடச் சொல்லிப் பார்த்தேன்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

"அப்புறம் நான்தான் இவருக்குத் தைரியம் சொன்னேன். நீ போன் பேசறப்பெல்லாம், 'எங்களுக்கென்னடி குறை, மாடு இருக்கு, ராஜாவாட்டம் இருக்கோம்'னுதானே சொல்வே. மாமா பொய் சொன்னாலும், நீ என்கிட்ட பொய் சொல்லுவியாக்கா?"