ஆமை புகுந்த வீடு

"ஆமையா?"

காதில் சரியாக விழவில்லையோ என்று கிளிஃபோர்டுக்குச் சந்தேகம். போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஆமையேதான் சார். குளிர்காலத் தூக்கத்துல இருக்காம். மார்ச் கடைசியிலதான் எழுந்திரிக்குமாம். அதுவரைக்கும் வீட்டைக் காலி பண்ண முடியாதுன்னு மிஸ்டர் பிம் சொல்லிட்டார்" என்றாள் வீட்டுத் தரகர் பிரெண்டா.

இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஒரு வீடு தனியாகக் கைமாறுவதில்லை. கிளிஃபோர்டின் மாடி வீட்டை கெர்ஸ்டி என்ற பெண் வாங்குகிறாள். அந்தப் பணத்தில் அவர் திருமதி ஓக்லியின் மாடியில்லாத வீட்டை வாங்குகிறார். அந்தம்மா அம்ப்ரோஸ் பிம்மின் வீட்டை. எல்லாரும் ஒரே நாளில் நகர வேண்டும். ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். நடுவில் ஒருவர் கழன்றுகொண்டால் மொத்தமும் கோவிந்தா.

வரிசையின் தலையில் இருப்பவர் பிம். வேறு வீடு வாங்காமல் அக்காள் வீட்டோடு போய்விடப் போகிறவர்.

"இப்ப ஜனவரிதாம்மா ஆகுது! நாற்பது பெட்டி கட்டி வச்சுட்டோம். கெட்டில் எந்தப் பெட்டியில இருக்குன்னே தெரியல. பால் சட்டியில தண்ணி கொதிக்க வச்சு டீ குடிக்கிறோம்!"

டீ போகட்டும். மனைவி மாவிஸின் முழங்கால்தான் அவருக்குக் கவலை. குளியலறை மாடியில் இருந்தது. அவள் படியில் உட்கார்ந்து, பின்புறமாக ஒவ்வொரு படியாக ஏறினாள். பதின்மூன்று படி, பதின்மூன்று முனகல். கீழே நின்று அவர் ஒவ்வொன்றையும் எண்ணினார்.

"ஒரு விஷயம் கேட்டுக்கம்மா. என் வீட்டை வாங்குற பொண்ணு ஒரு நாள் இழுத்தடிக்கட்டும், மறுநாளே வேற ஆளைப் பிடிப்பேன். அப்பவே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் பிரெண்டா.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இந்த ஆமை ஒரு வீட்டில் படுத்துக்கொண்டே மூன்று வீட்டைக் கெடுத்தது.

"அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று கிளிஃபோர்ட் கோட்டை மாட்டினார்.

"நீயா? காலை மிதிச்சவன்கிட்டயே மன்னிப்புக் கேட்ட ஆளாச்சே நீ!" என்றாள் மாவிஸ்.

பிம் கதவைத் திறந்தார். ஒல்லி மனிதர். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர்.

"மிஸ்டர் பிம்! உங்க ஆமையால..."

"உஷ்!" பிம் உதட்டில் விரல் வைத்தார். "மெதுவாப் பேசுங்க. தூங்குது."

தோட்டக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். ஒரு மரப்பெட்டி. மூடியில் காற்றுக்குத் துளைகள். இடுக்கில் வைக்கோல்.

கிளிஃபோர்ட் தம் வாழ்நாளின் பெரிய சண்டையைக் கிசுகிசுப்பாகவே போட வேண்டியதாயிற்று.

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்று கிசுகிசுத்தார்.

"இருக்குங்க" என்று பிம்மும் கிசுகிசுத்தார்.

"என் பொண்டாட்டி உட்கார்ந்துக்கிட்டே மாடி ஏறுறா. கேவலம் ஒரு ஆமைக்காக!"

பிம்மின் முகம் வாடிப்போனது. "அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா இப்பப் போய் அசைச்சா பொழைக்காது. பாவம், சின்ன உயிர்."

"பெட்டியைத் திறங்க. நான் பாக்கணும்."

"ஐயோ, வெளிச்சம் பட்டா தாங்காது."

"உங்களை மாதிரி சுயநலக்காரரை நான் பார்த்ததே இல்ல" என்று கிசுகிசுத்துவிட்டுத் திரும்பினார். கால் பெட்டியில் இடித்தது. "சாரி" என்றார் பெட்டியிடம்.

அதன்பின் தெருவே அவரிடம் குட்மார்னிங் சொல்வதை விட்டுவிட்டது. "எழுந்துருச்சா?" என்றுதான் கேட்டார்கள். ஆமையையும் பிம்மையும் சேர்த்துத் திட்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு திங்கட்கிழமை பிரெண்டா போனில் கத்தினாள். "எழுந்துருச்சு சார்!"

அடுத்த வாரம் வாசலில் சாமான் வண்டி நின்றது. வீட்டைப் பார்க்க வந்த கெர்ஸ்டி, கிளிஃபோர்டின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"அந்த ஆமை நல்லா இருக்கணும் சார்!"

"நல்லா இருக்கணுமா?"

"கிறிஸ்துமஸ் சமயத்துல என் வேலை போயிடுச்சு. உடனே வேற கிடைச்சுது. ஆனா மூணு மாசச் சம்பளச் சீட்டு காட்டினாத்தான் கடன்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா வேற ஆளைப் பிடிச்சிருவீங்களேன்னு பிரெண்டாகிட்ட போய் அழுதேன். மறுநாளே ஆமை தூங்குதுன்னு சேதி வந்துது. மூணாவது சீட்டு போன திங்கட்கிழமைதான் கைக்கு வந்துச்சு. அன்னிக்கே அதுவும் எழுந்துருச்சு! என்ன அதிர்ஷ்டம் பாருங்க!"

ஜனவரியில் தெரிந்திருந்தால் கிளிஃபோர்ட் இவளைக் கழற்றிவிட்டிருப்பார். இவள் போயிருந்தால் அந்த மாடியில்லாத வீடும் போயிருக்கும்.

"அதுக்கு ஒரு கட்டு கீரை அனுப்பணும் சார். பேர் என்ன?"

தங்கமீனுக்குக்கூடப் பேர் வைக்கிற ஊர் இது. இரண்டு மாதமாகத் திட்டியவர், பேரைக் கேட்டதில்லை. வெட்கத்தோடு போன் போட்டார்.

"மிஸ்டர் பிம், உங்க ஆமை சௌக்கியமா?"

"சௌக்கியம், சௌக்கியம்!"

"அதுக்குப் பேர் என்னங்க?"



"பேரா?" என்றார் பிம். "அடடா! பிரெண்டாவும் நானும் பேரை யோசிக்காம விட்டுட்டோமே!"