ஒரே ஒரு கட்டில்

“இடி இடிச்சா பக்கத்துல யாராவது வந்து உக்காருவாங்களாம்மா?”

கேட்ட அம்மாவுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். காலடியில் துணிப்பை, மடியில் குடை. எந்த நேரமும் எழுந்து போகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

எதிரே இருந்தவர் முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் கறார் மேடம். பெற்றவர்களைக் கைகழுவும் பிள்ளைகளைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். வயதானவர்களிடம் மட்டும் அந்தக் கறார் எங்கே போகுமோ தெரியாது.

“வருவாங்கம்மா. நம்ம இல்லத்துல ராத்திரி பூரா ஆள் உண்டு.”

“சோறு பிசைஞ்சு ஊட்டினாத்தான் இறங்கும். எரிஞ்சு விழாம ஊட்டுவாங்களா?”

மேடம் அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தார். நடுக்கம் எதுவும் இல்லை. பாவம், வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட நாதியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“உங்களுக்குப் பிள்ளைங்க?”

“ஒரே பையன். அதோ, வெளியே பெஞ்சுல.”

கண்ணாடிக் கதவு வழியே ஆசாமி தெரிந்தார். நரைத்த தலையைப் படிய வாரி, கழுத்துவரை பித்தான் போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துச் சிரிப்பு வேறு.

பெற்றவள் உள்ளே கெஞ்சிக்கொண்டிருக்கிறாள், துரைக்கு வேடிக்கை கேட்கிறது! மேடத்துக்கு ரத்தம் கொதித்தது.

“இங்க காலியா இருக்கறது ஒரே ஒரு கட்டில். யாருமே இல்லாதவங்க அதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. பையன் இருக்கறப்போ நான் எப்படிம்மா தர்றது? வீட்டுல வச்சுப் பார்த்துக்கட்டும். மாட்டேன்னா நானே வக்கீல் வச்சுக் கேஸ் போடறேன்.”

“ஐயோ, கேஸெல்லாம் வேண்டாம்மா!” அந்த அம்மா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இரும்பாக இருந்தது. “அந்தக் கட்டிலை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நேத்து அடுப்படியில மயங்கி விழுந்துட்டேன். கண்ணைத் திறந்தா பொழுது சாஞ்சிடுச்சு. டாக்டரும் கையை விரிச்சுட்டார். எனக்கு நேரமில்லம்மா.”

“நீங்க விழுந்து கிடந்தப்போ உங்க பையன் எங்க போயிருந்தார்?”

“எங்கயும் போகலம்மா. என் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தான்.”

அவ்வளவுதான். மேடம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். “அவனை ஒண்ணும் சொல்லிடாதீங்க” என்று பதறியபடி அந்த அம்மாவும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“நீயெல்லாம் ஒரு மனுஷனா? பெத்த தாய் பேச்சு மூச்சில்லாம கிடக்கறாங்க, பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்த்தியா?”

நரைத்த தலை நிமிர்ந்தது. சிரிப்பு மறைந்து உதடு பிதுங்கியது. எழுந்து ஓடிப்போய்த் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

“அம்மா, இவங்க திட்டறாங்க. வீட்டுக்குப் போலாம்மா” என்று தேம்பித் தேம்பி அழுதார்.

மேடம் ஓரடி பின்வாங்கினார். தன் குரல் இவ்வளவு கொடியது என்று இத்தனை காலம் அவருக்குத் தெரியாது.

அந்த அம்மா மகனின் கண்ணையும் மூக்கையும் துடைத்துவிட்டார். பிறகு துணிப்பையை மேடத்தின் பக்கம் நீட்டினார். உள்ளே இருந்ததெல்லாம் ஆண்பிள்ளைச் சட்டைகள்.

“அவனுக்கு அறுபது ஆனாத்தான் சேர்த்துக்குவோம்னு முன்னே திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. அதுக்காகத்தான் சாகாம இருந்தேன்.”