விடிந்தால் புளிக்கும் தண்ணீர்

ரயில்வே வேலையாக அரக்கோணத்தில் தங்கியிருந்த ரெனால்ட், இருட்டிவிட்ட பிளாட்பாரத்து வேப்பமரத்தில் சாய்ந்தபடி போனை எடுத்தான். ஆம்பூரிலிருந்து மனைவி கெசியா. தோல் ஃபேக்டரி லேபில் வேலை பார்ப்பவள்.

“பி.எச். பேப்பர் வெச்சுப் பாத்தேங்க. நம்ம மீன் தொட்டித் தண்ணி காலையில புளிப்பு காட்டுது, சாயங்காலம் சரியாயிடுது. தினமும் இதே பேஜாரு.”

“தீனி ஜாஸ்தி போட்டிருப்ப. அழுகி, தண்ணி புளிச்சிருக்கும்.”

“தீனியே போடலைங்க.”

“பட்டினியா போட்ட? பாவம், அதுங்க! சரி, ராத்திரியெல்லாம் மூச்சு விடுதில்ல? அந்தக் காத்து கரைஞ்சாலும் தண்ணி புளிக்கும்.”

கெசியாவின் குரல் தணிந்தது. “நீங்க கிளம்பின மறுநாளே மீனெல்லாம் செத்துப்போச்சுங்க. வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. தண்ணியக்கூட மாத்திட்டேன்.”

“அப்ப... மூச்சு விடுறது யாரு?”

“உள்ள நீங்க நட்ட செடிங்கதான். பகல்ல வெளிச்சம் பட்டா அந்தக் காத்த அதுங்களே எடுத்துக்குது. இருட்டிட்டா நம்மள மாதிரி மூச்சு மட்டும் விட்டுக்கிட்டிருக்கு.”

ரெனால்ட், தெரியாமல் யார் மேலோ சாய்ந்துவிட்டவன்போல, மரத்தை விட்டு மெல்ல விலகி நின்றான்.