நடு ஆணி பித்தளை

“செய்தது நீங்கள் எண்டு ஈ காக்காய்க்கும் தெரியக்கூடாது, நானா. கத்தி இந்தப் படத்தில கிடக்கிற மாதிரியே இருக்கோணும்.”

கிண்ணியாக் கொல்லர் ஸைனுலாப்தீன் நானா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு றீற்றாவை ஏற இறங்கப் பார்த்தார். “கோவிக்காதீங்க தங்கச்சி. ஆரையும் குத்துற எண்ணமா?”

“ஓம், குத்தத்தான் போறன். என்ட மாமாட நெஞ்சில. ஆனா ரத்தம் வராது.”

பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவள் புருசன் ஜக்சன் கடலுக்குப் போய் இரண்டு வருசம். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவன் தகப்பன் பேணாட் விடிந்தால் இறங்குதுறைப் படிக்கட்டில் போய்க் குந்துவார், பொழுதுபட்டால்தான் எழும்புவார். அவன் ஆத்துமாவுக்குப் பூசை ஒன்று கொடுப்போம் என்று வந்த சுவாமியாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

“அவன்ட கத்தி அவன்ட இடுப்பில கிடக்கு. கத்தி கரைக்கு வராத வரைக்கும் என்ட பிள்ளை சாகேல்ல.” கேட்டவர்களுக்கெல்லாம் இதுதான் பதில்.

இந்த மாதம் மட்டும் இரண்டு தரம் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார். மூன்றாம் தரம் விழுந்தால் தன்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று டொக்டர் கையை விரித்துவிட்டார்.

றீற்றாவின் மனசு எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டது, ஜக்சன் இனி இல்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் கிழவர் அந்த இடத்திலேயே போய்விடுவாரே! அந்தப் பயத்தில், இராச் சாப்பாட்டுக்கு மேசையில் ஜக்சனின் சோற்றுக் கோப்பையையும் கழுவி வைப்பாள். தினமும் வைப்பாள், தினமும் வெறுமையாக எடுப்பாள். இப்படியும் ஒரு நடிப்பு ஒரு பொம்பிளைக்கு வரவேண்டுமா?

கடைசியில்தான் இந்த யோசனை வந்தது. கத்தி கரைக்கு வந்தால்?

அது வெள்ளைக்காரக் கடற்படைக் காலத்துக் கத்தி. மடக்க ஏலாது, முதுகு தடித்தது. பேணாட்டின் தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தபோது கிடைத்தது. ஜக்சன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் அலைந்தாள். டவுன் கடைகளில் பழம் வெட்டுகிற கத்தியை எடுத்துக் காட்டினார்கள். கிளிவெட்டிக் கொல்லர் மண்வெட்டி அடிக்கிறவர், “இது என்ட கைக்கு வராது பிள்ளை” என்றார். இன்டர்நெற்றில் பார்த்தால், எங்கேயோ வெளிநாட்டில் ஒருவன் அச்சு அசலாகக் கையாலேயே செய்கிறான். ஆனால் கத்தியை இலங்கைக்கு அனுப்ப ஏலாதாம்.

ஸைனுலாப்தீன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அலகு பிரச்சினையில்ல, லொறி வில்லுத்தகட்டில அடிச்சிரலாம். உப்புத் தண்ணிக்குள்ள போட்டுத் துருவும் ஏத்தித் தாறன். பிடிதான் கரைச்சல். அவர்ட கை மறைச்சிருக்கு. எத்தின ஆணி? என்ன ஆணி?”

றீற்றா முழித்தாள். எட்டு வருசம் கூட இருந்தும் அந்தப் பிடியை அவள் ஒருநாளும் உற்றுப் பார்க்கவில்லை. தெரிந்த ஆள் ஒருவர்தான். வேறு வழியில்லாமல் பேணாட்டுக்குப் போன் எடுத்தாள். நல்லகாலம், அன்று பிந்தி எழும்பியதில் அவர் இன்னும் வீட்டால் வெளிக்கிடவில்லை.

“மாமா... சும்மா ஞாபகம் வந்திச்சு. இவர்ட கத்திப் பிடியில எத்தின ஆணி?”

“பொறு பிள்ளை, கேத்தில் கொதிக்குது. இறக்கிப்போட்டு வாறன்.”

தகரம் ஏதோ கிறீச்சிட்டது. கன நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

“மூண்டு ஆணி. நடு ஆணி பித்தளை, மற்ற ரெண்டும் செம்பு. பித்தளையில குறுக்கால ஒரு கீறல் கிடக்கு.”

ஸைனுலாப்தீன் பக்கத்தில் நின்று கேட்டு வாய் பிளந்தார். “யா அல்லாஹ்! பெத்த மனசு எதைத்தான் மறக்கும்?”

பத்தாம் நாள் கத்தி கைக்கு வந்தது. துருவென்ன, கீறலென்ன, செய்வித்த றீற்றாவே அசல் என்று நம்பிவிடுவாள்.

அன்று இருட்டுப்பட பேணாட் இறங்குதுறையால் வந்து கதிரையில் சாய்ந்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது என்பதால் அவர் காலடியில் வைத்தாள்.

“மாமா... புல்மோட்டையில கரைவலையில அம்பிட்டதாம். அங்கத்தைய ஆக்கள் கொண்டுவந்து தந்தவை.”

அவர் குனிந்து எடுத்தார். நடு ஆணியைப் பெருவிரலால் தடவினார். விழுந்துவிடுவாரோ என்று றீற்றா கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“கெட்டிக்காரன்,” என்றார் பேணாட். “ஆர் செய்தது, பிள்ளை?”

றீற்றா கதிரையை விட்டுவிட்டாள்.

அவர் மெதுவாக எழும்பி அறைக்குள் போனார். தகரப் பெட்டியின் மூடி கிறீச்சிட்டது. போனில் கேட்ட அதே சத்தம்! திரும்பி வந்து, உக்கிப்போன இடுப்புப் பட்டி ஒன்றைக் கீழே வைத்தார். அதில் ஒரு கத்தி. நடு ஆணி பித்தளை, குறுக்கால் ஒரு கீறல்.

“இது மெய்யாவே புல்மோட்டையில, கரைவலையிலதான் வந்தது. அவன் போன அடுத்த மாசமே.”

“ஐயோ மாமா!” றீற்றா குழறிவிட்டாள். “எல்லாம் தெரிஞ்சுகொண்டே ஏன் ரெண்டு வருசமா அந்த வெயிலில போய்க் குந்தியிருந்தனீங்கள்?”

பேணாட் மேசையைப் பார்த்தார்.

“நீ தினமும் அவனுக்குக் கோப்பை வைச்சனீயெல்லோ, பிள்ளை.”