நிழற்குடையின் மேல்

ஏணி அதிர்ந்தது.

அவள் நிமிரவில்லை. பஸ் நிழற்குடையின் கூரைமேல் முழங்காலிட்டு, மண் நிரப்பிய தட்டுகளில் பத்துமணிப் பூச்செடிகளை ஊன்றிக்கொண்டிருந்தாள். ஊரிலுள்ள பஸ் ஸ்டாப் கூரைகளிலெல்லாம் செடி வைக்கிற வேலை. சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. காண்டிராக்டர் தண்ணீர்க் கேனோடு ஏறுகிறார் என்று நினைத்தாள்.

"ஜெயக்கொடி."

கை அப்படியே நின்றது.

சோலையப்பன். வேண்டாமென்று அவள் விட்டு வந்த புருஷன். கூரை விளிம்பில் முதலில் தலை தெரிந்தது. பிறகு கத்தி.

"இங்க வந்து ஏறிக்கிட்டா எனக்குத் தெரியாதாடி?"

பின்னால் நகர்ந்தாள். நாலடி அகலக் கூரை. அதற்கப்புறம் ரோடு.

"யோவ், இறங்குய்யா" என்று கீழே யாரோ கத்தினார்கள்.

"புருஷன் பொண்டாட்டி சண்டை. நமக்கெதுக்கு?" என்றார் இன்னொருவர்.

கீழே நின்றவர்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

முதல் குத்து கெண்டைக்காலில் இறங்கியது. அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். தட்டுகள் கவிழ்ந்தன. ஈர மண்ணில் குப்புற விழுந்து, விளிம்பை நோக்கிச் சரிந்தாள். கத்தி மறுபடி உயர்ந்தது.

அவள் கையில் களைக்கொத்தி தட்டுப்பட்டது.

திரும்பி அடித்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கத்தி தெறித்து விழுந்தது. அவன் தடுமாறியதில் ஏணி சாய்ந்துபோனது.

அவனுடைய இடது கை விரல்கள் மட்டும் கூரை விளிம்பைப் பற்றியிருந்தன.

"பிடி. கொடி... கொடிம்மா, கையைப் பிடி."

அப்படி அவன் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிறது.

நாலு விரல். நகங்களில் அவள் ரத்தம்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அடித்தாள்.

நடைபாதையின் கல் விளிம்பில் அவன் தலை மோதியது. ஒரு கால் கொஞ்ச நேரம் உதறியது. நின்றது.

சிக்னலிலிருந்து போலீஸ்காரர் ஓடிவந்தார். குனிந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். எழுந்தார்.

"எப்படி விழுந்தான்?"

சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்திருந்த ஒரு பெண் மெல்ல முன்னால் வந்தாள்.

"ஏணி வழுக்கிருச்சு சார். எல்லாரும் பாத்தோம்."

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவர்களும்.

போலீஸ்காரர் அண்ணாந்தார்.

"அப்படியாம்மா?"

வழுக்கி விழுந்தேன் என்று எத்தனை டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறாள். பாத்ரூமில் வழுக்கியது. வாசற்படியில் வழுக்கியது. ஆறு மாத வயிற்றோடு கொண்டுபோனார்களே, அன்றைக்கும்கூட.

களைக்கொத்தியைப் பக்கத்தில் வைத்தாள்.

"வழுக்கல சார்."