ஐம்பதாவது தளபதி

"திருட்டு வேலையா பாக்கீரு?" என்று கத்தியபடி கரீம் பாட்சா போர் விளையாட்டுப் பெட்டியை வெங்கடேஸ்வரனின் கடை மேஜைமேல் வீசினார். ஐம்பது தளபதிகளின் அட்டைகளும் சிதறின. "தாராவியில நான் போட்ட விளையாட்ட அப்படியே அச்சடிச்சு, தாணேல விக்கீரா வே?"

வெங்கடேஸ்வரன் சிரித்தார். "சரித்திரம் என்ன உங்க ஆத்துச் சொத்தா, பாய்? தளபதிகளைப் பத்தி யார் வேணும்னாலும் எழுதலாமே."

"வரிக்கு வரி இவன் எழுதினதுல்லா!" என்று கரீம் பாட்சா தன்னிடம் வேலை பார்க்கும் உதுமானை முன்னே தள்ளினார். அட்டைகளுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதியவன் அவன்தான். "சொல்லுலே!"

உதுமான் அலமாரிப் புத்தகங்களைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

கரீம் பாட்சா ஓர் அட்டையைப் பொறுக்கி நீட்டினார். "இந்த ஐம்பதாவது தளபதி கிராவ்னின் எந்தச் சரித்திரத்துல இருக்கான்? அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்ல. உம்ம மாதிரி ஆளப் பிடிக்கத்தான் ஒரு பொய்த் தளபதியச் சேத்தோம்!"

வெங்கடேஸ்வரன் அலமாரியிலிருந்து ஒரு பொது அறிவுப் புத்தகத்தை எடுத்தார். "முந்நூறாவது கேள்வி. உறைந்த ஆற்றைக் கடந்து மூன்று கோட்டைகளைப் பிடித்தவர் யார்? பதில், தளபதி கிராவ்னின். ஸ்கூல் பசங்களே மனப்பாடம் பண்றா. பொறக்கலையாம்!"

கரீம் பாட்சா மேஜையில் அறைந்தார். "எந்த மடையன் எழுதின புஸ்தகம் இது?"

வெங்கடேஸ்வரன் முகப்பைப் பார்த்துப் படித்தார். "தொகுத்தவர், தாராவி உதுமான்."

உதுமான் கதவை நோக்கி நகர்ந்தான். "புஸ்தகத்துக்கு முந்நூறு கேள்வி எழுதிக் கேட்டாங்க, மொதலாளி. ஒண்ணு கொறஞ்சுது, அதான் கிராவ்னின..."

கரீம் பாட்சா சட்டைக் கையைச் சுருட்டினார். "இல்லாத கிராவ்னின ஒண்ணும் பண்ண முடியாது. நீ இருக்கியேலே!"