தேசத்தின் தோட்டா

இனிப்புக் கடைக்குள் புகுந்து பதினோரு பேரைச் சுட்டவன், கடைசியில் துப்பாக்கியைத் தன் வாய்க்குள் விட்டுச் சுட்டுக்கொண்டு ஜாங்கிரித் தட்டின் மேலேயே விழுந்தான். அவன் சுட்டதில் ஒரு தோட்டா, கடையில் நின்றிருந்த ஜெயசித்ராவின் முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. “அது பாட்டுக்கு இருக்கட்டும். கை வெச்சா ரெண்டு காலும் போயிடும்” என்றார் டாக்டர். அவளும் அதோடு நடந்தாள், சமைத்தாள், பஸ் ஏறினாள்.

அப்புறம்தான் இந்த மாதிரித் துப்பாக்கிச் சூடெல்லாம் பயங்கரவாதம் என்று சட்டம் வந்தது, நடந்து முடிந்ததற்கும் சேர்த்து. ஜெயசித்ராவை மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஏட்டோடு வந்திருந்த போலீஸ் அதிகாரி பொன்னாடை போர்த்தினார்.

“நேத்து வரைக்கும் நீங்க கொலை கேஸ்ல காயம்பட்டவங்க. இன்னைக்கு தேசத்துக்காகக் குண்டடி பட்டவங்க. உள்ளே இருக்கிற தோட்டா தேசத்தோட சொத்தும்மா. எடுத்தாகணும்.”

“சுட்டவன்தான் செத்துட்டானே சார்?”

“பின்னாடி எந்த அமைப்புன்னு தெரிய வேண்டாமா?”

“அவன் எங்க தெருக்காரன் சார். அவன்கூடப் பேச ஒரு நாய்கூடக் கிடையாது. அவனுக்கு ஏது அமைப்பு?”

“அதைத்தான் தோட்டா சொல்லணும்.”

ஜெயசித்ரா இரண்டு காலையும் சேர்த்து அவர் நெஞ்சில் விட்டாள் ஓர் உதை. அதிகாரி ஆபரேஷன் கத்தரிகள் இருந்த தட்டோடு போய்ச் சுவரில் மோதினார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. எழுந்ததும் ஏட்டைப் பார்த்துச் சொன்னார்: “இதையும் அதே சட்டத்துல சேர்த்துக்கய்யா.”

நாலு பேர் அவளை அமுக்கிப் பிடித்தார்கள். கால்களைக் கட்டக் கயிறு தேடியபோது பொன்னாடைதான் கைக்கு வந்தது. இறுக்கி முடிச்சுப் போட்டார்கள். சரிகைக்கு வெளியே அவள் கால் விரல்கள் ஆடிக்கொண்டே இருந்தன.